சாளரங்களின் வழியே

கண் பெற்றவர் எல்லாரும் பார்க்கின்றனர். ஆயினும், பார்ப்பது வேறு, காண்பது வேறு. தெருவோரத்து மரத்தை நாள்தோறும் பார்த்துச் செல்வோர் பலர். அதன் கிளையில் ஒரு பறவை கூடு கட்டிக்கொண்டிருப்பதைக் காண்போர் சிலர். கண் ஒன்றே, கருத்துச் செல்லும் அளவே வேறுபடுகிறது.

திரைப்படக் கொட்டகையிலும் இவ்வேறுபாட்டை உணரலாம். படம் தொடங்கிய பின்னும் இருக்கை தேடி அலைவோர் உளர். அருகில் இருப்பவரோடு தொடங்கிய பேச்சை முடிக்க மனமின்றித் தொடர்வோரும் உளர். ‘கதை இனிமேல்தானே வரப்போகிறது? தொடக்கத்தில் என்ன இருக்கும்?’ என்பது அவர்கள் எண்ணம். தேர்ந்த கலைஞன் ஆக்கிய படமாயின், அவர்கள் இழப்பது பெரிது. வீட்டிற்கு வாயில் எப்படியோ, அப்படியே படத்திற்குத் தொடக்கம். வாயிலில் நின்று ஊன்றி நோக்குவோர்க்கு, உள்ளே வாழ்வோரின் இயல்பு ஓரளவு விளங்கிவிடும்.

அத்தகைய தொடக்கம் ஒன்றை இப்பாடத்தில் காண்போம். அது 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சாருலதா’ என்னும் வங்காளத் திரைப்படத்தின் தொடக்கம். அதனை இயக்கியவர் சத்தியஜித் ராய். அதற்காகப் பெர்லின் நகரில் நடந்த உலகத் திரைப்பட விழாவில் 1965ஆம் ஆண்டு சிறந்த இயக்குநருக்குரிய வெள்ளிக் கரடிப் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

ஓவியக் கண்

சத்தியஜித் ராய் 1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிசோர் எழுத்தாளர், ஓவியர், அச்சுக் கலையில் வல்லவர். தந்தையார் சுகுமார் ராய் குழந்தைகளுக்கான நகைச்சுவைப் பாடல்களால் வங்காளமெங்கும் புகழ் பெற்றவர். அப்பாடல்களுக்குத் தாமே படமும் வரைந்தவர். எழுத்தும் கோடும் இணைந்து வாழ்ந்த குடும்பம் அது. ராய் சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் முதலிய பேரோவியர்களிடம் பயின்றார். பின்னர் 1943ஆம் ஆண்டு முதல் விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றினார்; நூல்களுக்கு மேலட்டை வரைந்தார். ஆகவே, திரைப்படத் துறைக்கு வந்தபோது அவர் ஓவியனின் கண்ணோடு வந்தார். படமாக்க வேண்டிய காட்சிகளைச் சிவப்புத் துணியால் கட்டிய கணக்கேடுகளில் சிறுசிறு ஓவியங்களாக வரைந்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

திரைப்படம் ஒருவர் கைவினை அன்று. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவும், கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும், படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் ராயின் முதற்படமாகிய ‘பதேர் பாஞ்சாலி’யிலிருந்தே அவரோடு இருந்தவர்கள். அப்படத்தின் பணி 1952ஆம் ஆண்டு தொடங்கியபோது மித்ராவுக்கு வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது; அதற்கு முன் திரைப்படக் காமிராவை அவர் இயக்கியதே இல்லை. பிரெஞ்சு நாட்டு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்திற்கு வந்து ‘நதி’ என்னும் படத்தை எடுத்தபோது, அருகில் நின்று கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்துக் கற்றவர் அவர். சந்திரகுப்தா அதே படத்தின் அரங்கமைப்பில் துணை நின்று தொழில் பயின்றவர். காண்பதையே கல்வியாகக் கொண்ட இம்மூவர் கூட்டுறவிலே பிறந்ததுதான் நாம் காணப்போகும் காட்சி.

கதையும் காலமும்

இரவீந்திரநாத தாகூர் 1901ஆம் ஆண்டில் ‘நஷ்டநீட்’ என்னும் நெடுங்கதையை எழுதினார். ‘சிதைந்த கூடு’ என்பது அப்பெயரின் பொருள். அக்கதையே ‘சாருலதா’ ஆயிற்று. படத்தில் கதை நிகழும் காலம் 1879ஆம் ஆண்டை ஒட்டியது. இடம், இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா நகரில் உள்ள செல்வர் மாளிகை ஒன்று.

மாளிகைக்குத் தலைவன் பூபதி. நல்லவன், கற்றவன், நாட்டின் அரசியலில் ஆர்வம் மிக்கவன். தன் பொருளைச் செலவிட்டு ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றை நடத்துகிறான். அச்சகமும் அதே மாளிகையிலேயே இருக்கிறது. பகலும் இரவும் அவன் சிந்தை அத்தாளிலேயே ஆழ்ந்து கிடக்கிறது. அவன் மனைவி சாருலதா. இளையவள், கூர்மையான அறிவுடையவள், நூல்களில் விருப்பம் உடையவள். வீட்டு வேலைகளைச் செய்யப் பணியாட்கள் உளர். மடியில் தவழக் குழந்தை இல்லை. அக்காலத்து உயர்குடிப் பெண்கள் தெருவில் இறங்கி உலாவுதலும் இல்லை. அறிவு இருக்கிறது, அதற்கு வேலை இல்லை. நேரம் இருக்கிறது, அதனைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. இதுவே சாருவின் நிலை.

இவற்றையெல்லாம் நான் ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். வேறோர் இயக்குநராயின், தோழி ஒருத்தியை அழைத்து வந்து, ‘எனக்குத் தனிமையாக இருக்கிறது’ என்று சாருவைச் சொல்லவைத்திருப்பார். ராய் அவ்வாறு செய்யவில்லை. ஏழெட்டு நிமிடம் ஓடும் அத்தொடக்கத்தில் பேச்சு என்று சொல்லத்தக்கவை மிகச் சில சொற்களே. ஆயினும், அது முடிவதற்குள் சாருவின் வாழ்வை நாம் அறிந்துவிடுகிறோம். எவ்வாறு அறிந்தோம்? அதுவே ஆராயத்தக்கது.

காட்சி

முதலில் தெரிவது ஒரு கை. வட்டச் சட்டத்தில் இறுக்கிய வெண்துணியில் அக்கை பூத்தையல் செய்துகொண்டிருக்கிறது. ஊசி மேலெழுகிறது, தாழ்கிறது, நூல் நீள்கிறது. திரையில் கலைஞர்களின் பெயர்கள் தோன்றி மறைய, துணியில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து மெல்ல மெல்ல உருப்பெறுகிறது. பூபதி என்னும் பெயரின் முதல் எழுத்து அது. கணவனுக்காக ஒரு கைக்குட்டை உருவாகிறது.

கடிகாரம் நான்கு மணி அடிக்கிறது. சாரு எழுந்து வெளியே வந்து, தலைவருக்குத் தேநீர் கொண்டுபோகுமாறு பணியாளை விளித்துச் சொல்கிறாள். மீண்டும் அறைக்கு வருகிறாள். நூல் ஒன்றை எடுக்கிறாள், வைத்துவிடுகிறாள். தாழ்வாரத்தின் வழியே நடந்து கூடத்திற்குச் செல்கிறாள். நூற்பேழையைத் திறந்து தேடுகிறாள். வங்காளத்தின் பெரும் நாவலாசிரியராகிய பங்கிம் சந்திரரின் பெயர் அவள் வாயில் ஓர் இசைத் துணுக்காய் முணுமுணுக்கப்படுகிறது. அவர் நூல் ஒன்று கைக்கு வருகிறது.

அப்போது தெருவிலிருந்து ஓர் ஒலி எழுகிறது. குரங்காட்டியின் குடுகுடுப்பை ஒலி. சாரு சாளரத்தருகே விரைகிறாள். சாளரக் கதவில் சாய்வாக அமைந்த மரப்பட்டைகளைச் சிறிதே திறந்து வெளியே நோக்குகிறாள். உடனே ஏதோ நினைவு வந்தவளாய் அறைக்கு ஓடுகிறாள். பிடி வைத்த சிறு தொலைநோக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவருகிறாள். ஆடரங்குகளில் தொலைவில் அமர்ந்தோர் நடிகரின் முகம் காணப் பயன்படுத்தும் கண்ணாடி அது. குரங்காட்டி நடக்க நடக்க, இவள் ஒரு சாளரத்திலிருந்து அடுத்த சாளரத்திற்கு நகர்கிறாள். பின்னர்ச் சுமப்போரின் குரலோடு ஒரு பல்லக்குச் செல்கிறது, அதனையும் தொடர்கிறாள். குடையும் கையுமாகப் பருத்த மனிதர் ஒருவர் நடந்து செல்கிறார். அவர் மறையும் வரையில் சாளரம் சாளரமாகத் தாவி நோக்குகிறாள். அவர் மறைகிறார், தெரு வெறுமையாகிறது, விளையாட்டும் முடிகிறது.

கூடத்தில் பியானோ இருக்கிறது. அதன் மூடியைத் திறந்து விரலால் தட்டுகிறாள். அப்போது காலணி ஓசை கேட்கிறது. பூபதி வருகிறான். அவன் அறைக்குள் சென்று, நூல் ஒன்றை எடுத்து, அதனைப் படித்தவாறே திரும்புகிறான். தாழ்வாரத்தில் நிற்கும் மனைவியைக் கடந்து செல்கிறான். அவளை அவன் பார்க்கவில்லை. கைநீட்டினால் தொடத்தக்க தொலைவில் அவள் நிற்கிறாள். அவனுக்கோ ஏட்டைத் தவிர வேறொன்றும் புலப்படவில்லை. சாரு கண்ணாடியை உயர்த்துகிறாள். செல்லும் கணவனின் முதுகை அதன் வழியே நோக்குகிறாள். அவன் படியிறங்கி மறைகிறான். கண்ணாடி பிடித்த கை தாழ்கிறது. அந்நொடியில் காமிராவின் பார்வை அவளை விட்டுச் சட்டெனப் பின்வாங்குகிறது. நீண்ட தாழ்வாரத்தில் சாரு சிறிய உருவமாகி நிற்கிறாள்.

காமிராவின் மொழி

மேற்கண்ட காட்சியில் காமிரா செய்த பணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, அண்மையும் சேய்மையும். ஒரு பொருளுக்கு மிக அருகில் காமிரா நெருங்கினால், உலகத்தில் அஃது ஒன்றே இருப்பதுபோல் தோன்றும். தொலைவில் சென்றால், அப்பொருளைச் சூழ்ந்த வெளியே பெரிதாய்த் தெரியும். இக்காட்சி தொடங்குவது கையின் அண்மையில். முடிவது ஆளின் சேய்மையில். தொடக்கத்தில் ஒரு பெண்ணின் அன்பும் உழைப்பும் திரையை நிறைக்கின்றன. முடிவில் அப்பெண்ணைச் சூழ்ந்த வெறுமை திரையை நிறைக்கிறது. அன்பிலிருந்து வெறுமைக்குச் செல்லும் வழியே இத்தொடக்கத்தின் கதை.

இரண்டாவது, உடன் செல்லுதல். நடக்கும் ஒருவரைக் காமிரா ஓரிடத்தில் நின்று பார்க்கலாம். அவரோடு சேர்ந்தும் நகரலாம். சேர்ந்து நகர வேண்டுமாயின், அதனைச் சக்கரம் பூட்டிய மேடையில் ஏற்றித் தள்ளுவர். சாரு அறைவிட்டு அறை செல்லும்போதும், சாளரம் சாளரமாக ஓடும்போதும் காமிரா அவளோடு செல்கிறது. அவள் தயங்கினால் அதுவும் தயங்குகிறது. அவள் விரைந்தால் அதுவும் விரைகிறது. அவ்வீட்டில் அவளுக்கு வாய்க்காத தோழமையைக் காமிரா அவளுக்குத் தருகிறது. காமிராவின் கண்ணே நம் கண் ஆதலின், அத்தோழமை நம்முடையதும் ஆகிறது.

மூன்றாவது, அவள் கண்ணால் காணுதல். சாரு கண்ணாடியை உயர்த்துவது ஒரு காட்சித் துண்டு. தெருவில் குரங்காட்டி நடப்பது மற்றொரு துண்டு. இவ்விரண்டையும் படத்தொகுப்பாளர் அடுத்தடுத்து ஒட்டும்போது, ‘அவள் காண்பது இது’ என்று நம் மனம் தானே முடித்துக்கொள்கிறது. தெருவைக் காமிரா தெருவிலே நின்று காட்டவில்லை. மாளிகையின் உள்ளே நின்று, சாளரத்தின் வழியே காட்டுகிறது. வெளியுலகம் எவ்வளவு அருகில் இருந்தாலும், அஃது அவளுக்குச் சிறு இடைவெளி அளவே கிடைக்கிறது என்பதை நாம் சொல்லாமலே உணர்கிறோம்.

நான்காவது, இறுதியில் நிகழும் பின்வாங்கல். இதற்கு உதவுவது ‘ஜூம்’ எனப்படும் வில்லை. சக்கர மேடையைப் பின்னே இழுத்தால், அருகிலுள்ள தூணும் கதவும் வேகமாக நகரும். தொலைவிலுள்ளவை மெல்ல நகரும். நாமே நடந்து விலகுவது போன்ற உணர்வு பிறக்கும். ஜூம் வில்லையிலோ, காமிரா நின்ற இடத்திலேயே நிற்க, குவியத் தூரம் மட்டும் மாறும். திரையிலுள்ள யாவும் ஒரே சீராகச் சிறுக்கும். எவரும் ஓரடியும் எடுத்து வைக்காமலே தொலைவு உண்டாகிவிடும். இதனை இவ்விடத்திற்கெனத் தேர்ந்ததன் நுட்பத்தை எண்ணுங்கள். பூபதிக்கும் சாருவுக்கும் இடையே நேர்ந்த தொலைவும் இத்தகையதே. ஒருவரையொருவர் வெறுத்து அவர்கள் விலகவில்லை. ஒரே கூரையின் கீழ், நின்ற இடத்திலேயே நிற்க, தொலைவு மட்டும் வளர்ந்துவிட்டது. ஏழெட்டு நிமிடம் தோழமையாய் உடன் வந்த காமிராவும் ஈற்றில் அவளைத் தனியே விட்டு விலகும்போது, நம் நெஞ்சு துணுக்குறுகிறது.

அரங்கமும் ஒளியும்

காமிரா காட்டுவதற்குத் தக்க பொருள் கண்முன் இருத்தல் வேண்டும். சாருவின் மாளிகையில் நாம் காணும் அறைகள் பன்சி சந்திரகுப்தா படப்பிடிப்பு நிலையத்தில் எழுப்பிய அரங்கங்களே. பூவேலைப்பாடு அச்சிட்ட தாள் ஒட்டிய சுவர்கள், கனத்த மரச் சாமான்கள், நூற்பேழைகள், பியானோ என மேல்நாட்டு நாகரிகத்தில் மூழ்கிய வங்காளச் செல்வர் வாழ்க்கை அங்கே உருவாகியுள்ளது. பூபதியின் உள்ளம் எத்திசையில் ஓடுகிறது என்பதை அக்கூடமே கூறிவிடுகிறது. அங்கே குறை ஒன்றும் இல்லை. ஓரிடமும் வெறுமையாய் இல்லை. அந்நிறைவின் நடுவே சாருவுக்கு மட்டும் நிறைவு இல்லை.

சாளரங்களின் அமைப்பும் நோக்கத்தக்கது. வரிசையாகப் பல சாளரங்கள் இருப்பதனால்தான் சாரு ஓட முடிகிறது. ஒரே சாளரம் இருந்தால், அவள் நின்று பார்த்திருப்பாள். காட்சியில் துள்ளல் இராது. ஆகவே, அரங்கத்தை வகுத்தவரே அவள் விளையாட்டையும் வகுத்துவிட்டார் எனலாம். வெயிலையும் தெருவோர் பார்வையையும் தடுக்க அமைத்த மரப்பட்டைகள் உள்ளிருப்போரைக் காக்கின்றன. காக்கும் அவையே சிறை செய்யவும் செய்கின்றன.

இனி, ஒளி. முற்காலத்துப் படப்பிடிப்பு நிலையங்களில் வலிய விளக்குகளை நேரே நடிகர்மீது பாய்ச்சுவர். அதனால் ஓர் ஆளுக்கு இரண்டு மூன்று நிழல்கள் விழுதலும் உண்டு. பகற்பொழுதில் வீட்டினுள் அத்தகைய நிழல்களை நாம் காண்பதில்லை. வானத்து ஒளி முற்றத்தின் வழியே மென்மையாகப் பரவுகிறது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்திற்காகக் காசி நகரத்து வீடு ஒன்று நிலையத்தில் அமைக்கப்பட்டபோது, மித்ரா ஒரு வழி கண்டார். முற்றத்தின்மேல் வெண்துணியை விரித்துக் கட்டினார். விளக்கொளியை அத்துணியின்மீது பாய்ச்சி, அது சிதறித் திரும்பி வருமாறு செய்தார். அரங்கத்தில் வானொளி பிறந்தது. ‘சாருலதா’விலும் ஒளி அறைகளில் மென்மையாகப் பரவுகிறது. அதனால், நான்கு மணி வேளையின் சோர்வும் அமைதியும் நம்மையும் வந்து தழுவுகின்றன.

சொல்லாமற் சொல்லுதல்

நம் முன்னோர் அகப்பாடலுக்கு முதல், கரு, உரி என்னும் மூன்று பொருள்களை வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றில் தோன்றும் மரமும் பறவையும் பறையும் போன்றவை கருப்பொருள். அவற்றின் நடுவே விளங்கும் மக்களின் உணர்வு உரிப்பொருள். தாகூரின் கதையும் ராயின் படமும் வேறு மொழியின் செல்வங்கள். எனினும், தமிழ் மாணவர் இக்காட்சியை உணர்வதற்கு அப்பாகுபாடு ஒரு கைவிளக்காக உதவும். அடைத்த சாளரங்களையுடைய மாளிகையும் ஓய்ந்த பிற்பகலும் இங்கே நிலமும் பொழுதும் ஆகின்றன. கைக்குட்டை, நூல், தொலைநோக்குக் கண்ணாடி, குடுகுடுப்பை ஒலி என்பன அங்குள்ள பொருள்கள். தனிமை என்னும் உணர்வை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; அப்பொருள்களே அதனை உரைத்துவிடுகின்றன.

அவற்றுள் தலைமையானது தொலைநோக்குக் கண்ணாடி. தொலைவில் உள்ளதை அருகே கொணர்வது அதன் தொழில். குரங்காட்டியை நோக்க அது தேவை. பல்லக்கை நோக்கவும் தேவை. பக்கத்தில் நடக்கும் கணவனை நோக்க அஃது எதற்கு? இவ்வினாவைத்தான் ராய் நம் நெஞ்சில் எழுப்புகிறார். தெருவில் செல்லும் முகமறியா மனிதரும் கணவனும் அவளுக்கு ஒரே வகைக் காட்சியாகிவிட்டனர். இருவரும் வருகின்றனர், கடந்து செல்கின்றனர், மறைகின்றனர். கணவனை நோக்கி அவள் கண்ணாடியை உயர்த்தும் அச்செயலில் குறும்பு உண்டு. குறும்பின் அடியில் துயரம் உண்டு. ஒரு கூட்டின் முதல் விரிசல் அங்கே கேட்கிறது.

பூபதியைக் கொடியவன் என்று எண்ணிவிடலாகாது. அவன் மனைவியை அதட்டவில்லை, துன்புறுத்தவில்லை, நல்ல நோக்கமுடைய பணியிலேயே ஈடுபட்டிருக்கிறான். அவன் பிழை ஒன்றே: அருகில் இருப்பவளை அவன் காணவில்லை. நாட்டின் நிலையைத் தன் தாளின் வழியே கூர்ந்து நோக்கும் அவனுக்குத் தன் வீட்டின் நிலை புலப்படவில்லை. பின்னர், கைக்குட்டையை அவனிடம் தரும்போது, ‘இதனைச் செய்ய உனக்கு நேரம் எப்போது கிடைத்தது?’ என்னும் கருத்துப்பட அவன் வியந்து கேட்கிறான். அந்நேரம் எத்தகையது என்பதை அவன் அறியான். தொடக்கத்தைக் கண்ட நாம் அறிவோம்.

விதையும் மரமும்

நல்ல தொடக்கம் விதை போன்றது. பின்னர் வரும் கிளையும் கனியும் அதனுள் அடங்கியிருக்கும். பூபதியின் உறவினனாகிய அமல் என்னும் இளைஞன் அவ்வீட்டிற்கு வருகிறான். இலக்கியத்தில் ஈடுபாடு உடையவன். அவன் தூண்டுதலால் சாருவின் அறிவு மலர்கிறது. அவள் எழுதத் தொடங்குகிறாள். இதுவரை அவளை ஒருவரும் காணாதிருந்தமையால், கண்டு மதித்த முதல் மனிதன்பால் அவள் உள்ளமும் சாய்கிறது. அதனை உணர்ந்த அமல் வீட்டைவிட்டு நீங்குகிறான். உண்மையை அறிந்த பூபதி நொறுங்கிப் போகிறான். தோட்டத்தில் அமலை நோக்கவும், அயல்வீட்டுத் தாயையும் குழந்தையையும் நோக்கவும் அதே தொலைநோக்குக் கண்ணாடி சாருவின் கையில் மீண்டும் வருகிறது. முதலில் விளையாட்டுப் பொருளாய் இருந்தது, பின்னர் அவள் தன் உள்ளத்தையே அறியும் கருவியாகிறது.

படத்தின் ஈற்றைக் கேளுங்கள். வெளியே சென்ற பூபதி திரும்பி வந்து வாயிலில் நிற்கிறான். சாரு அவனை உள்ளே வருமாறு கூறிக் கையை நீட்டுகிறாள். அவனும் தயங்கித் தயங்கிக் கையை நீட்டுகிறான். இரு கைகளும் தொடுவதற்குள் படம் அசைவற்று நின்றுவிடுகிறது; ஓடும் படம் உறைந்த ஓவியமாகிறது. கணவனுக்காகத் துணியில் எழுத்து வரைந்த கையோடு தொடங்கிய கதை, கணவன் கையை எட்டாது நிற்கும் கையோடு முடிகிறது. தொடக்கத்தைக் காணத் தவறியவர், முடிவையும் பாதியே காண்பர்.

இக்காட்சியிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் கலைக்கும் வாழ்வுக்கும் பொதுவானது. காமிராவை அசைப்பது எளிது. எதற்காக அசைக்கிறோம் என்று அறிவதே அரிது. அரங்கத்தை அழகு செய்வது எளிது. அவ்வழகு யாருடைய உள்ளத்தைக் காட்டுகிறது என்று அறிவதே அரிது. ராயும் அவர் நண்பர்களும் தம் திறமையைக் காட்டுவதற்காக ஒரு காட்சித் துண்டையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு நகர்விலும் சாருவின் உள்ளத்தையே எண்ணினர். அதனால்தான், அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும், வங்காள மொழி அறியாதவரும் அத்தொடக்கத்தைக் கண்டு பொருள் உணர முடிகிறது.

இனி ஒரு படத்தைக் காணச் செல்லும்போது, அது தொடங்குமுன்னரே சென்று அமருங்கள். முதலில் காட்டப்படுவது எது? அஃது அருகிலா, தொலைவிலா? காமிரா நிற்கிறதா, யாரோடேனும் செல்கிறதா? ஒளி எங்கிருந்து வருகிறது? யார் கண்ணால் நாம் காண்கிறோம்? இவ்வினாக்களைக் கேட்டுப் பழகினால், கண் தானே கற்றுக்கொள்ளும். அவ்வாறு பழகிய கண்ணோடு வீடு திரும்புங்கள். அங்கும் ஒரு தாழ்வாரம் இருக்கும். நாம் நூலில் ஆழ்ந்தவாறு கடந்து செல்லும் வேளையில், ஒரு சொல்லுக்காக அங்கே தாயோ, பாட்டியோ, தங்கையோ நின்றுகொண்டிருக்கலாம். அவரைக் காண்பதற்குத் தொலைநோக்குக் கண்ணாடி வேண்டுவதில்லை. நூலிலிருந்து ஒருமுறை தலை நிமிர்ந்தால் போதும்.